மிஸ்ஸிக்கு ஒரு செயலி போதுமா?

கேள்வி: எனக்கு 38 வயது. ஈப்போ பக்கம் ஒரு மருத்துவமனையில் மெடிக்கல் வார்டில் தாதி. வீடு சுங்கை சிப்புட்டில். அப்பா அம்மா இருவரும் ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர்கள். தோட்டத்தை விட்டுத் தாமான் குடியிருப்புக்கு வந்து பல வருஷம் ஆகிவிட்டது. ஆனாலும் பழைய லயத்து ஆட்களுக்கு இன்றைக்கும் நான்தான் மிஸ்ஸி, அதாவது தாதியம்மா. கொஞ்ச காலமாக எனக்கு எதுவுமே உறைக்க மாட்டேன் என்கிறது. போன மாதம், சர்க்கரை நோயால் கால் எடுத்த ஒரு பாட்டி, எங்கள் பழைய தோட்டத்துக்காரர், ஓயாமல் பெல் அடிக்கிறார் என்று வார்டே கேட்கும்படி சத்தம் போட்டுவிட்டேன். சில நாளில் அவர் இறந்துபோனார். உடம்பைத் துடைத்து, கட்டி, அனுப்பிவிட்டு, போய் மீ கோரிங் சாப்பிட்டேன். ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. வீட்டுக்கு வந்தால் மகன்மேல் எரிந்து விழுகிறேன். எங்களுக்கு ஒரு பிரீஃபிங் வைத்தார்கள். இதற்குப் பெயர் பரிவுச் சோர்வு என்றார்கள். ஒரு தியானச் செயலியை இறக்கி, தினம் 10 நிமிடம் செய்து, ஸ்க்ரீன்ஷாட்டை வாட்ஸ்அப் குழுவில் போடச் சொன்னார்கள். செய்தேன். மூன்றாம் நாள், ஒரு வெள்ளைக்காரக் குரல் கடற்கரையை நினைத்துக்கொள்ளச் சொல்லும்போதே அழுகை பீறிட்டு வந்தது. அடக்க முடியவில்லை. அன்றோடு செயலியை மூடிவிட்டேன். இதெல்லாம் உண்மையில் பயன் தருமா? நான் கல்நெஞ்சுக்காரி ஆகிவிட்டேனா? பேசாமல் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்விடலாமா?

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

மற்றதற்கெல்லாம் முன்னால் அந்த மீ கோரிங்கைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஒரு ஷிப்ட் முழுக்க நின்றுகொண்டே வேலை பார்த்தவருக்குப் பசிக்கத்தான் செய்யும். பசித்தது, சாப்பிட்டீர்கள். அதில் குற்றம் ஒன்றும் இல்லை. அழவில்லையே என்று ஒரு மாதமாக மனதுக்குள் புழுங்கி, கடைசியில் முன்பின் தெரியாத ஒருவருக்குக் கடிதமும் எழுதுகிற பெண்ணைக் கல்நெஞ்சுக்காரி என்று நான் சொல்ல மாட்டேன்.

வெகுநேரம் மடக்கி உட்கார்ந்தால் கால் மரத்துப்போகும். கிள்ளினாலும் தெரியாது. எழுந்து நின்றதும் உணர்வு திரும்பும், அப்போதுதான் ஊசி குத்துவதுபோல் வலிக்கும். உங்கள் மனதுக்கும் அதுதான் நடந்திருக்கிறது. யாரும் பெல் அடிக்காத, யாரும் மிஸ்ஸி என்று கூப்பிடாத அந்தப் பத்து நிமிடத்தில் பாட்டிக்கான அழுகை வந்திருக்கிறது. செயலி உங்களுக்குக் கெடுதல் எதுவும் செய்துவிடவில்லை. ஆனால் இப்படி அழுகை வரலாம், வந்தால் என்ன செய்வது, யாரிடம் பேசுவது என்று பிரீஃபிங்கில் ஒருவராவது சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் ஒருவரைக் கண்ணை மூடி உட்காரச் சொல்வது சரியில்லை.

பரிவுச் சோர்வு என்ற பேச்சே தாதியரை வைத்துத்தான் தொடங்கியது. 1992-இல் அமெரிக்காவில் கார்லா ஜாய்ன்சன் என்பவர் தாதியருக்கான ஒரு பத்திரிகையில், நாள்தோறும் நெருக்கடிகளைப் பார்த்துப் பார்த்து மனம் தேய்ந்துபோனவர்களைப் பற்றி எழுதினார். 1995-இல் சார்ல்ஸ் ஃபிக்லி என்ற உளவியலாளர் அதை விரித்து எழுதினார். துன்பப்படுகிறவரைப் பார்த்துக்கொள்கிறவருக்கும் அந்தத் துன்பத்தின் அடி விழுகிறது என்பது அவர் சொன்னதன் சாரம். பணிச்சோர்வு இதிலிருந்து கொஞ்சம் வேறு. அது வேலைப் பளு, ஆள் பற்றாக்குறை, நம் பேச்சு எடுபடாத நிலை இவற்றிலிருந்து வருவது. உலகச் சுகாதார நிறுவனமும் 2019-இல் அதை நோய்ப் பட்டியலில் வைக்காமல், வேலையிடத்திலிருந்து வரும் ஒரு நிலை என்றுதான் வகைப்படுத்தியது. வார்டில் இரண்டும் ஒன்றாகத்தான் வந்து ஏறிக்கொள்ளும். உங்கள் கடிதத்திலும் இரண்டும் இருக்கின்றன. முதலாவதற்குத் தியானம் ஓரளவு கைகொடுக்கும். இரண்டாவதற்கு வார்டில் கூடுதல் ஆள்தான் வேண்டும்.

செயலிகள் பயன் தருமா என்று கேட்டீர்கள். தரும், ஆனால் கொஞ்சம்தான். மன அழுத்தமும் பதற்றமும் ஓரளவு குறைவதாகப் பல ஆய்வுகள் காட்டுகின்றன. அதுவும் விடாமல் செய்கிறவர்களுக்கு. மனநலச் செயலிகளின் பயன்பாட்டை 2019-இல் அளந்து பார்த்தபோது, இறக்கியவர்களில் 15 நாள் கழித்தும் திறக்கிறவர்கள் பொதுவாக 100-க்கு 4 பேர்கூட இல்லை. அதனால் மூன்றாம் நாளே மூடிவிட்டேன் என்று நீங்கள் கூச்சப்பட வேண்டாம்.

இன்னொன்று, இதை உங்கள் மேலதிகாரிகளும் படிக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். ஆக்ஸ்ஃபர்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வில்லியம் ஃபிளெமிங் 2024-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார். பிரிட்டனில் 233 நிறுவனங்களில் 46,000-க்கும் மேற்பட்ட ஊழியர்களின் பதில்களை வைத்து, செயலி, தியானப் பயிற்சி, மன உறுதி வகுப்பு போன்றவற்றில் சேர்ந்தவர்களையும் சேராதவர்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார். சேர்ந்தவர்களின் நலன் எந்த வகையிலும் மேலாக இல்லை. வேலையின் அமைப்பை மாற்றாமல் ஊழியரை மட்டும் மாற்றப் பார்ப்பது போதாது என்பதுதான் அவர் வாதம். எனக்கும் அதே கருத்துதான். இரண்டு பேர் செய்ய வேண்டிய வேலையை ஒருவர் செய்யும் வார்டில், ஸ்க்ரீன்ஷாட் கேட்பது எனக்குக் கோபத்தைத்தான் வரவழைக்கிறது. தியானம் செய்தேன் என்று மேலிடத்துக்குக் கணக்குக் காட்டும்போது அதுவும் இன்னொரு டியூட்டி ஆகிவிடுகிறது. ஸ்க்ரீன்ஷாட் போடுவதை நீங்கள் மரியாதையாக நிறுத்திக்கொள்ளலாம். "இது என் சொந்த விஷயம் சிஸ்டர், நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று சொன்னால் போதும். செயலிக்குள் இன்றைய மனநிலை என்ன என்று கேட்டால் அதையும் நிரப்பாதீர்கள். 2022-இல் மொஸில்லா அறக்கட்டளை 32 மனநல, பிரார்த்தனைச் செயலிகளை ஆராய்ந்து, அவற்றில் 28-ஐத் தனிப்பட்ட தகவல் விஷயத்தில் எச்சரிக்கைப் பட்டியலில் சேர்த்தது.

சரி, இனி எதைச் செய்வது என்று பார்ப்போம்.

உங்களைக் கடற்கரைக்குக் கூட்டிப்போகும் பயிற்சி இப்போதைக்கு வேண்டாம். மூச்சை மட்டும் கவனித்துக்கொண்டு நெடுநேரம் உட்காருவதும் வேண்டாம். உங்களுக்குப் பொருந்துவது பிறர் நலம் நினைக்கும் தியானம். அன்புணர்வுத் தியானம் என்றும் சொல்வார்கள். ஏன் இதைச் சொல்கிறேன் என்றால், ஜெர்மனியில் லைப்சிக் நகரின் மேக்ஸ் பிளாங்க் ஆய்வு நிலையத்தில் ஓல்கா கிளிமெக்கி, டானியா சிங்கர் குழுவினர் ஒரு சோதனை செய்தார்கள். துன்பப்படும் மனிதர்களின் காணொளிகளை ஒரு குழுவுக்குக் காட்டினார்கள். முதலில் அந்த வலியைத் தன் வலிபோலவே உணரும் பயிற்சியைக் கொடுத்தார்கள். அதைச் செய்தவர்களுக்கு மனம் கனத்துப்போனது, வேதனைதான் கூடியது. பிறகு அதே ஆட்களுக்கு, அந்த மனிதர்கள் நலமடைய வேண்டும் என்று நினைக்கும் பயிற்சியைக் கொடுத்தார்கள். இப்போது துன்பக் காட்சிகளைப் பார்த்தபோதும் மனதில் நல்லுணர்வு கூடியது. மூளையில் வேலை செய்த பகுதிகளும் வேறு.

தாதியருக்கு இதில் பெரிய சேதி இருக்கிறது. இரக்கம் காட்டிக் காட்டி நாம் தீர்ந்துபோவதில்லை. அடுத்தவர் வலியை நம் உடம்புக்குள் வாங்கிக்கொண்டு, அதைச் செலவழிக்க வழியில்லாமல் சுமப்பதில்தான் தீர்ந்துபோகிறோம். "ஐயோ, அந்த வலி" என்பதோடு நின்றுவிடாமல், "அவர் நல்லபடியாக இருக்கணும்" என்பது வரை போனால் மனதுக்கு ஒரு வாசல் திறக்கிறது. இதற்கு நீங்கள் செயலியிடம் பாடம் படிக்கவே வேண்டாம். சாமி விளக்கு ஏற்றும்போது நம் வீட்டுப் பெண்கள் முணுமுணுக்கும் வேண்டுதல்தானே இது? எல்லாரும் நல்லா இருக்கணும், நாங்களும் நல்லா இருக்கணும். அதில் "நாங்களும்" என்பதை விட்டுவிடாதீர்கள். தாதியர் பெரும்பாலும் விட்டுவிடுவது அதைத்தான்.

எப்போது செய்வது? வார்டுக்குள் கைபேசியை எடுத்துக்கொண்டு உட்கார முடியாது, எடுக்கவும் கூடாது. ஆனால் ஒவ்வொரு நோயாளியிடம் போகுமுன்னும் வந்தபின்னும் கையில் ஹேண்ட் ரப் தேய்க்கிறீர்கள். உலகச் சுகாதார நிறுவனம் அதற்குச் சொல்லும் நேரம் 20 முதல் 30 விநாடி. அந்த நேரத்தில் மூக்கால் மூச்சை இழுங்கள், அதற்குமேல் இன்னும் கொஞ்சம் இழுங்கள், பிறகு வாயால் நீளமாக விடுங்கள். இப்படி இரண்டு முறை. மூச்சை விடும்போது இதயத் துடிப்பு கொஞ்சம் குறையும். அது உடம்பின் இயல்பு. 2023-இல் ஸ்டான்ஃபர்ட் பல்கலைக்கழகத்தில் இதே மூச்சைத் தினம் 5 நிமிடம் வீதம் ஒரு மாதம் செய்யச் சொல்லிப் பார்த்தபோது, வெறுமனே மூச்சைக் கவனித்துத் தியானம் செய்தவர்களைவிட இவர்களின் மனநிலை அதிகம் மேம்பட்டது. கை தேய்க்கும் நேரம் எப்படியும் உங்களுடையது. அதை யாரும் உங்களிடமிருந்து எடுக்க முடியாது.

அப்புறம், அடுத்த ஷிப்டிடம் பொறுப்பை ஒப்படைக்கும் பாஸ்ஓவர் முடிந்து வீட்டுக்குக் கிளம்பும் நேரம். உங்கள் மகன் வாங்கிக் கட்டிக்கொள்ளும் திட்டெல்லாம் இந்த இடைவெளி இல்லாததால்தான். வார்டிலிருந்து நேரே சமையலறைக்குள் நுழைகிறீர்கள். கார் நிறுத்துமிடத்தில், இன்ஜினைப் போடுவதற்கு முன், நாலே நிமிடம் ஒதுக்குங்கள். இதற்கு ஒரு குரல் துணை வேண்டும் என்றால் செயலியைத் திறக்கலாம். இன்சைட் டைமர் என்ற செயலியில் காசு கேட்காத பயிற்சிகள் ஏராளம். விஸ்கான்சின் பல்கலைக்கழகப் பேராசிரியர் ரிச்சர்ட் டேவிட்சன் குழுவின் ஹெல்தி மைண்ட்ஸ் செயலியும் இலவசம். ஆனால் பெரும்பாலும் ஆங்கிலம்தான், அதுவும் நம் வாழ்க்கையைப் பார்த்திராத ஆங்கிலம். அதைவிட நல்லது, உங்களுடன் வேலை செய்யும் ஒரு அக்காவின் குரலில் கைபேசியில் பதிந்து வைத்துக்கொள்வது. நான் சில தாதியருக்கு எழுதிக் கொடுப்பது ஏறக்குறைய இப்படி இருக்கும்:

"கண்ணை மூட வேணாம். ஸ்டியரிங்கைப் பாரு. ரெண்டு பாதமும் தரையில இருக்கா பாரு. மூச்சை இழு, இன்னும் கொஞ்சம் இழு, மெதுவா விடு. இன்னைக்கு மனசுல தங்கிப்போன ஒரே ஒரு ஆளை நினைச்சுக்கோ. அவங்களுக்கு வலி கொறையணும். அவங்க வீட்டு ஆளுங்க தைரியமா இருக்கணும். என்னால முடிஞ்சதை நான் செஞ்சேன். மீதியை அடுத்த ஷிப்ட் பாத்துக்கும். நானும் நல்லா இருக்கணும். இப்ப நான் வீட்டுக்குப் போறேன்."

ஒவ்வொரு வரிக்கும் இடையில் இரண்டு மூன்று மூச்சு விட்டுப் பதிந்தால் நாலு நிமிடம் வந்துவிடும். கண்ணைத் திறந்தே செய்யச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பார்த்த மரணங்கள் மனதில் குவிந்திருக்கும்போது கண்ணை மூடினால் சிலருக்கு அந்தக் காட்சிகளே திரும்ப வரும். அப்படி வந்தால் பயிற்சியை நிறுத்திவிட்டு எழுந்து நடங்கள். தண்ணீர் குடியுங்கள். வலுக்கட்டாயமாகத் தொடர வேண்டாம். வண்டி ஓட்டிக்கொண்டே மட்டும் இதைக் கேட்காதீர்கள். அதுவும் இரவு 9 மணிக்கு ஏறி மறுநாள் காலை 7 மணிக்கு இறங்கிய உடம்புக்குத் தேவை தூக்கம். செம்பனைக் குலை ஏற்றிய லாரிகளுக்கு நடுவே அரைத்தூக்கத்தில் காரோட்டுவதைவிட, பார்க்கிங்கிலேயே இருபது நிமிடம் கண்ணயர்ந்துவிட்டுக் கிளம்புவது மேல்.

இனி அந்தப் பாட்டி. பெரிய நகரத்துத் தாதிக்கு நோயாளி முன்பின் தெரியாத ஆள். உங்களுக்கு அப்படி இல்லை. உங்கள் அம்மாவோடு ஒரே நிரையில் பால் வெட்டியவர் கட்டிலில் படுத்திருக்கிறார். 2019-ஆம் ஆண்டு மலேசியத் தேசியச் சுகாதார ஆய்வில், நம் நாட்டு இந்தியப் பெரியவர்களில் 31.4 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. மூன்று பேரில் ஏறக்குறைய ஒருவர். மெடிக்கல் வார்டில் கால் இழந்து படுத்திருப்பவர்கள் திரும்பத் திரும்ப உங்கள் ஆட்களாக இருப்பது தற்செயல் இல்லை. ஒவ்வொருவரையும் உங்கள் வீட்டு ஆள்போலவே சுமந்தால் எந்த மனமும் மரத்துத்தான் போகும்.

அந்த நெருக்கத்தாலேயே மற்றவர்களுக்குக் கிடைக்காத ஒன்றும் உங்களுக்குக் கிடைக்கிறது. அந்தப் பாட்டியின் வீடு உங்களுக்குத் தெரியும். கருமாதி முடிந்திருந்தாலும் பரவாயில்லை, ஒருநாள் சாயங்காலம் போய்த் துக்கம் கேட்டுவிட்டு வாருங்கள். "கடைசியில அம்மாவைப் பாத்துக்கிட்டது நான்தான்" என்று சொன்னால் போதும். நீங்கள் சத்தம் போட்டதை அந்தப் பிள்ளைகளிடம் சொல்லி மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். அது உங்கள் பாரத்தை இறக்கி அவர்கள் தலையில் வைப்பதாகிவிடலாம். அதை என்னைப் போன்ற ஒரு ஆலோசகரிடமோ நம்பிக்கையான ஒரு தோழியிடமோ சொல்லி அழுங்கள். பாட்டியின் நோய் விவரங்களையும் அவர் வீட்டில் பேச வேண்டாம். அது உங்களுக்குத் தெரிந்ததுதான்.

வார்டிலும் ஒரு சின்னப் பழக்கத்தைக் கொண்டுவந்து பாருங்கள். அமெரிக்காவின் வர்ஜீனியா பல்கலைக்கழக மருத்துவமனையில் ஜோனத்தன் பார்ட்டெல்ஸ் என்ற அவசரப் பிரிவுத் தாதி தொடங்கிவைத்தது இது. நோயாளி இறந்ததும் அங்கே இருக்கிறவர்கள் எல்லாரும் ஒரு நிமிடத்துக்கும் குறைவாக, பேசாமல் நிற்பார்கள். இவரும் யாரோ ஒருவருக்கு அன்பானவராக இருந்தவர் என்று நினைத்துக்கொள்வார்கள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அடுத்த வேலை. எந்த மதத்துக்காரரும் அவரவர் மனதுக்குள் அவரவர் பிரார்த்தனையைச் சொல்லிக்கொள்ளலாம் என்பதால் நம் நாட்டு வார்டுக்கு இது நன்றாகவே பொருந்தும். தொழுகைக்காகச் சுராவ் என்ற தொழுகை அறைக்குப் போய்விட்டு முகம் தெளிந்து வரும் தோழிகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். நாள் நடுவே வேலையிலிருந்து கொஞ்சம் விலகி நிற்க எல்லாருக்கும்தான் ஒரு வழி வேண்டும்.

வீட்டு வாசலுக்கு மருத்துவ ரிப்போர்ட்டைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களைப் பற்றி நீங்கள் எழுதவில்லை. ஆனால் "இன்றைக்கும் நான்தான் மிஸ்ஸி" என்ற வரியிலேயே எனக்கு அது தெரிந்துவிட்டது. தோட்டத்தில் ஒருகாலத்தில் மருந்து கொடுக்கும் டிரஸ்ஸர் இருந்தார், சின்ன ஆஸ்பத்திரி இருந்தது. இப்போது அந்த இடத்தில் நீங்கள் இருக்கிறீர்கள், சம்பளம் இல்லாமல், நேரம் காலம் இல்லாமல். இல்லை என்று கதவைச் சாத்த உங்களால் முடியாது, சாத்தவும் வேண்டாம். ஒரு நேரம் வையுங்கள். கோயில் வாசலிலோ பசார் மாலாம் இரவுச் சந்தையிலோ யாராவது மருந்துப் பையை நீட்டினால், "அண்ணே, இப்ப நான் பிள்ளையோட வந்திருக்கேன், சனிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வாங்க, உட்கார்ந்து பாக்கலாம்" என்று சொல்லுங்கள். நிஜமாகவே அவசரம் என்றால் அவர்கள் போக வேண்டிய இடம் கிளினிக்தானே. முதல் சில வாரம் முகம் சுளிப்பார்கள், அப்புறம் சனிக்கிழமைக்குப் பழகிவிடுவார்கள்.

ஒன்றை மட்டும் நீங்கள் தள்ளிப்போடக் கூடாது. இரண்டு வாரத்துக்கு மேலாகத் தூக்கம் கெட்டு, எதிலும் பிடிப்பில்லாமல், நாள் முழுக்க மனம் இருண்டு கிடந்தால், அல்லது சாவைப் பற்றிய எண்ணம் ஒருமுறை வந்தால்கூட, செயலியை ஒதுக்கிவிட்டு மருத்துவரைப் பாருங்கள். சொந்த மருத்துவமனையில் காட்டக் கூச்சமாக இருந்தால் வேறு கிளினிக்குக்குப் போகலாம். சுகாதார அமைச்சின் 15555 எண்ணில் பேசலாம். பிஃப்ரெண்டர்ஸ் என்ற தொண்டு அமைப்பின் 03-7627 2929 எண்ணில் 24 மணி நேரமும் ஆள் இருப்பார்கள். நேரில் ஆலோசகரைப் பார்ப்பதாக இருந்தால், 1998-ஆம் ஆண்டு ஆலோசகர் சட்டத்தின்கீழ் பதிவு பெற்றவரா என்று கேட்டுக்கொள்ளுங்கள். அப்படிப் பதிவு பெற்றவருக்கு நீங்கள் சொல்வதை ரகசியமாக வைத்திருக்கும் கடமை உண்டு.

சிங்கப்பூர் விஷயம். போவது தப்பே இல்லை. சம்பளமும் ஒரு நியாயமான காரணம்தான். ஆனால் மரத்துப்போன மனதோடு முடிவு எடுக்காதீர்கள். அங்கேயும் மெடிக்கல் வார்டுதான், அங்கேயும் பாட்டிமார் பெல் அடிப்பார்கள், இங்கே மகன் காத்துக்கொண்டிருப்பான். முதலில் மிச்சமிருக்கும் ஆண்டு விடுப்பிலிருந்து ஒரு வாரமாவது சேர்த்து எடுங்கள். அந்த வாரத்தில் மிஸ்ஸி வேலை வீட்டிலும் கிடையாது. பிறகு, அடுத்த ரோஸ்டர் போடுவதற்குள் மேட்ரனிடம் நேரம் கேட்டு உட்கார்ந்து பேசுங்கள். குறை சொல்வதாகத் தொடங்க வேண்டாம். "மேட்ரன், நான் இந்த வேலையை விட விரும்பவில்லை. ஆனால் ஆறு மாதமாவது வேறு பிரிவில் இருந்தால்தான் என்னால் தொடர முடியும். கிளினிக்கோ, டே கேரோ, எதுவானாலும் சரி" என்று கேளுங்கள். கூடவே, இரவு ஷிப்டில் எத்தனை கட்டிலுக்கு எத்தனை பேர் நிற்கிறீர்கள் என்பதை ஒரு மாதத்துக்குத் தேதிவாரியாகக் குறித்து எடுத்துப் போங்கள். வாய்ப்பேச்சைவிட அந்தத் தாள் அவருக்கும் உதவும், மேலிடத்தில் ஆள் கேட்க அவருக்கும் அதுதான் ஆதாரம். மாற்றம் கிடைத்து மூன்று நான்கு மாதம் கழித்தும் சிங்கப்பூர் ஆசை அப்படியே இருந்தால், அப்போது வீட்டில் எல்லாரோடும் பேசி விண்ணப்பம் போடுங்கள்.